விண்ணரசின் குடிமக்கள்: வேதாளை முதல் கச்சத்தீவு வரை

திருவாடானை வட்டத்தில் பாம்பாற்றுப் பக்கம் இருக்கும் ஓரியூரில், 1693 பிப்ரவரி 4 அன்று, 45 வயதுத் துறவி ஒருவரின் தலை வெட்டப்பட்டது. லிஸ்பன் நகரத்துப் பிரபு குடும்பத்தில் பிறந்து, போர்ச்சுகல் இளவரசரின் தோழனாக அரண்மனையில் வளர்ந்த ஜான் டி பிரிட்டோ அவர். மறவர் சீமை மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தார்கள். தண்டனை விதித்தவர் சேதுநாட்டை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி. இன்று அதே ஊருக்குக் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் ஒன்றாக வருகிறார்கள். அங்கேயுள்ள செம்மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். பிள்ளை வரம் கேட்கிறார்கள்.

தம் குடிகளுக்கு ஆபத்து என்று ஓர் அரசர் கருதிய மனிதரை, அந்தக் குடிகளின் வழிவந்தவர்களே தங்கள் புனிதராக வைத்துக் கொண்டாடுகிறார்கள். கடவுளின் அரசுக்குக் குடியான ஒருவர், தாம் பிறந்த மண்ணின் அரசுக்கு எவ்வளவு கடமைப்பட்டவர்? இரண்டு அரசுகளும் மோதும்போது எதற்குப் பணிய வேண்டும்? மோதாத நாள்களில், அதாவது வாழ்வின் பெரும்பாலான நாள்களில், அந்தக் குடியுரிமை எதில் தெரிய வேண்டும்? இராமநாதபுரம் கடற்கரை கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விகளோடு வாழ்ந்துவருகிறது. அது தந்திருக்கும் விடைகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசனுக்கு முன்னால் நிற்கும் நாள் சிலருக்கே வாய்க்கும். வீட்டிலும் தெருவிலும் கல்லறைத் தோட்டத்திலும் கடலிலும் அடுத்தவரை எப்படி நடத்துகிறோம் என்ற சோதனை எல்லாருக்கும் வரும். விண்ணரசின் குடியுரிமை அங்கேதான் மெய்ப்பட வேண்டும்.

திருநூல் காட்டும் வழிகள்

விவிலியம் இதற்கு ஒரே வரியில் விடை தரவில்லை. இயேசுவிடம் வரி பற்றிக் கேட்டபோது, ரோமப் பேரரசனின் உருவம் பொறித்த நாணயத்தைக் காட்டச் சொன்னார். அவனுக்குரியதை அவனுக்கும் கடவுளுக்குரியதைக் கடவுளுக்கும் கொடுக்கச் சொன்னார். பிலாத்துவின் முன் நின்றபோது, தமது ஆட்சி இவ்வுலகின் ஆட்சிகளைப் போன்றதன்று என்றார். ரோமையருக்கு எழுதிய மடலின் 13ஆம் அதிகாரத்தில் பவுல், ஆளும் அதிகாரத்துக்குப் பணியுமாறு கேட்கிறார். திருவெளிப்பாட்டு நூலின் 13ஆம் அதிகாரமோ, வழிபாட்டைக் கேட்கும் அதிகாரத்தைக் கடலிலிருந்து எழும் கொடிய விலங்காகக் காட்டுகிறது. திருத்தூதர் பணிகளில் பேதுருவும் மற்றத் தூதர்களும், மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று தலைமைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

இவற்றுள் பிலிப்பியர் மடல் தனிக் கவனத்துக்குரியது. பிலிப்பி, ரோமைப் படைவீரர்களைக் குடியேற்றி உருவாக்கிய நகரம். கி.மு. 42இல் அங்கே நடந்த போருக்குப் பின், போர்க்களம் கண்டவர்களுக்கு அந்த மண்ணில் நிலம் கிடைத்தது. தொலைவில் இருந்தபடியே ரோமையின் குடிமக்களாக வாழ்வது அவர்களுக்குப் பெருமை. அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்குத்தான் பவுல், நமது தாய்நாடு விண்ணகம் என்று எழுதினார். மக்கள் ரோமைக்குத் திரும்பிப் போகட்டும் என்று பேரரசு பிலிப்பியை ஏற்படுத்தவில்லை. ரோமையின் ஒழுங்கு அந்த மண்ணில் வேரூன்றவே ஏற்படுத்தியது. பவுலின் பேச்சைக் கேட்ட அவ்வூரார், விண்ணகத்தின் ஒழுங்கைத் தங்கள் தெருவில் வாழ்ந்துகாட்டும் கடமையாகவே அதை விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

அதே பிலிப்பியில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் தள்ளப்பட்டார்கள். மறுநாள் காலையில் ஓசையில்லாமல் போய்விடச் சொன்னபோது பவுல் மறுத்தார். தாம் ரோமைக் குடிமகன் என்பதைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றார். விண்ணகக் குடியுரிமையைப் போதித்தவர் மண்ணுலகக் குடியுரிமையைத் துச்சமாக எண்ணவில்லை. அநீதிக்கு எதிராக அதைக் கையில் எடுத்தார்.

பின்வந்தவர்கள் இந்த இழையைப் பிடித்துக்கொண்டார்கள். தியோஞ்ஞேத்து என்பவருக்கு எழுதப்பட்ட பழங்காலக் கடிதம் ஒன்று, கிறிஸ்தவர்களுக்கென்று தனி ஊரும் தனி மொழியும் தனி உடையும் இல்லை, ஆனாலும் சட்டம் கேட்பதைவிட உயர்ந்த வாழ்வை அவர்கள் வாழ்கிறார்கள் என்று விவரிக்கிறது. 410இல் ரோமை நகரம் சூறையாடப்பட்டபோது, கிறிஸ்தவர்களால்தான் இந்த அழிவு வந்தது என்று பலர் பேசினார்கள். அதற்கு விடையாக அகுஸ்தினார் 413 முதல் 426 வரை 22 புத்தகங்களாகக் கடவுளின் நகரைப் பற்றி எழுதினார். இரண்டு நகரங்களும் இறுதி நாள்வரை ஒன்றோடொன்று கலந்தே இருக்கும், இன்னார் இந்த நகரத்தார் என்று இப்போதே கோடு கிழிக்க யாராலும் முடியாது என்பது அவர் கருத்து. திருச்சபைக்குள் இருப்பதாலேயே ஒருவர் விண்ணரசில் இருப்பதாகிவிடாது என்ற எச்சரிக்கை அதில் உண்டு. நம் கடற்கரையின் வரலாற்றைப் படிக்கும்போது அந்த எச்சரிக்கை மறுபடி மறுபடி தேவைப்படுகிறது.

வேதாளை: கொடியின் நிழலில்

இந்தக் கரையில் விசுவாசம் ஓர் அரசியல் ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வந்து இறங்கியது. முத்துக்குளித்துறைப் பரதவர், தங்கள் தொழிலைப் பறித்துவந்த எதிரிகளிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போர்ச்சுகீசியரின் துணையை நாடினார்கள். 1530களில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்களுக்கு மறைக்கல்வி கற்பிக்கப் பிரான்சிஸ் சவேரியார் 1542இல்தான் வந்தார். கடவுளின் அரசுக்குள் நுழைந்தவர்கள், அதே நாளில் இன்னோர் அரசின் பாதுகாப்புக்குள்ளும் நுழைந்திருந்தார்கள்.

அதன் விலையை விரைவில் கொடுக்க வேண்டியிருந்தது. 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களில் சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். தன் குடிகள் போர்ச்சுகலின் குடிகளாகிவிட்டார்கள் என்பதே அவன் அச்சம். ஐந்து ஆண்டுகள் கழித்து, மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் அந்தோணியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபையில் முதன்முதலாக மறைசாட்சியாக உயிர்விட்டவர் என்று போற்றப்படும் இத்தாலியர் அவர். வேதாளையில் போர்ச்சுகீசியர் சிறு காவல் அரண் வைத்திருந்தார்கள். இராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர்களிடம் அவர்கள் பணம் வாங்கியது பகையை வளர்த்தது. வடுகர் எனப்பட்ட தெலுங்குப் படை வந்தபோது படைவீரர்கள் கப்பலேறினார்கள். கிரிமினாலியோ பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்றார். அங்கேயே குத்துப்பட்டு இறந்தார்.

வேதாளையில் இரண்டு வகைக் குடியுரிமை ஒரே நாளில் வெளிப்பட்டது. சிலுவைக் கொடியைக் கட்டிக்கொண்டு, பிறருடைய பக்திப் பயணத்தில் காசு பார்த்தது ஒன்று. ஓடித் தப்ப வழியிருந்தும் எளியவர்களோடு நின்றது மற்றொன்று. இரண்டுமே கிறிஸ்தவப் பெயரைத்தான் தாங்கியிருந்தன. விண்ணரசைப் பேரரசின் கொடியோடு முடிச்சுப்போட்டவர்களின் கணக்கைத் தீர்க்க, அந்தக் கொடியை நம்பாத ஒருவர் தம் உயிரைக் கொடுத்தார்.

பரங்கிக் குலம் என்ற தடை

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றார். அதுவரை மதுரையில், திருமுழுக்குக் கேட்டு வருபவரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கிறிஸ்துவை ஏற்பது தம் மக்களைவிட்டு வெளியேறுவதாக எல்லாரும் எண்ணினார்கள். நொபிலி காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்தார். விண்ணரசுக்கு வர யாரும் தம் மொழியையும் நாட்டையும் விட வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. நெடிய வழக்குக்குப் பின் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் வழிமுறைக்கு அனுமதி தந்தார்.

இந்தத் தீர்வு ஒரு புதிய சிக்கலைப் பெற்றெடுத்தது. தமிழ்ச் சமூகத்துக்குள் வேரூன்ற நினைத்தவர்கள், அந்தச் சமூகத்தின் சாதிப் படிநிலையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்த குரு, சேரி மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாது. இந்தக் குறையைச் சரிக்கட்டவே 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற வகைக் குருக்கள் வந்தார்கள். பல சாதி மக்களையும் அணுக அவர்களால் முடிந்தது. 1670களில் மதுரை மறைத்தளத்துக்கு வந்த பிரிட்டோ அத்தகைய பண்டாரசுவாமி.

ஓரியூர், 1693

1686இல் பிரிட்டோ மறவர் சீமைக்குள் வந்தபோது பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற ஆணையோடு உயிரோடு விட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டோ மறைப்பணி அலுவலாக லிஸ்பன் சென்றார். உடன் வளர்ந்த இளவரசர் அப்போது இரண்டாம் பேதுரு என்ற பெயரில் அரசர். அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ள அரசர் விரும்பினார். பிரிட்டோ மறுத்து 1690இல் இந்தியாவுக்குத் திரும்பி, மறுபடியும் மறவர் சீமைக்கே வந்தார். அவர் மறுத்தது தாம் பிறந்த நாட்டின் அரண்மனையை என்பதை ஓரியூரைப் பற்றிப் பேசும் யாரும் மறந்துவிடக் கூடாது.

சேதுபதியின் உறவினரும் அரியணைக்கு உரிமை கோரக்கூடிய மரபினருமான தடியத்தேவர், நோய் நீங்கியபின் திருமுழுக்குக் கேட்டார். பல மனைவியர் உள்ளவருக்கு அதைத் தர முடியாது என்றார் பிரிட்டோ. ஒருத்தியோடு மட்டும் வாழத் தடியத்தேவர் இசைந்தார். 1693 ஜனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவில், திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் இளையவர் சேதுபதிக்கு உறவுமுறையில் மகள் போன்றவர். அவர் அரண்மனையில் முறையிட்டார். இரண்டே நாளில் பிரிட்டோ கைதானார். இராமநாதபுரத்திலிருந்து அவரை ஓரியூருக்கு அனுப்பினார்கள். அங்கே தலை துண்டிக்கப்பட்டது; கைகால்கள் வெட்டப்பட்டன; உடலைக் கழுமரத்தில் தொங்கவிட்டார்கள். 1853இல் அவருக்கு அருளாளர் பட்டமும், 1947 ஜூன் 22 அன்று புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. இந்தியா விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு அது.

சேதுபதியின் பக்கமிருந்தும் இதைப் பார்ப்பது நேர்மை. கிழவன் சேதுபதி மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து நாட்டை விடுவித்துக்கொண்டிருந்தவர். கடலில் டச்சுக்காரரும் போர்ச்சுகீசியரும் உலவினார்கள். அரியணைக்கு உரிமையுள்ள ஒருவர் அயல்நாட்டுத் துறவியின் சீடரானதும், அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி வீட்டைவிட்டு விலக்கப்பட்டதும், எந்த அரசரையும் உலுக்கும் நிகழ்ச்சிகள். கீழக்கரை வள்ளல் சீதக்காதியை நண்பராகக் கொண்டிருந்த மன்னர் என்று மரபு சொல்லும் ஒருவரை, மாற்று மதத்தின்மீது வெறுப்பே உருவானவர் என்று சித்திரிப்பது வரலாறாகாது. யாழ்ப்பாண மன்னனைப் போல அவரும் தம் குடிகளை யார் ஆள்வது என்றே அஞ்சினார்.

பிரிட்டோ அந்த அச்சத்துக்குப் படையால் விடை சொல்லவில்லை. போர்ச்சுகல் மன்னரின் பெயரைச் சொல்லித் தப்ப முயலவில்லை. வாளைத் தூக்கவும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை. சாவுக்கு முந்தைய நாள், கரியைக் குழைத்து எழுதிய கடிதத்தில் உடன் குருக்களிடம் விடைபெற்றார். பேரரசின் துணையின்றி, அரசனைப் பழிக்காமல், மனச்சான்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்ற நிலை அது. மறவர் சீமை அவரை எதிரி நாட்டான் என்று நினைவில் வைக்காததற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

விலக்கப்பட்ட பெண்கள்

ஓரியூர்க் கதையில் நெடுங்காலம் யாரும் உட்கார்ந்து யோசிக்காத பகுதி ஒன்று உண்டு. தடியத்தேவரால் விலக்கப்பட்ட மனைவியரின் கதை அது. மறையுரைகளில் அந்த இளையவர், சூழ்ச்சிக்காரியாக, திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்கவைத்த ஏரோதியாளின் மறுபிறவியாக வருகிறார். அவர் இடத்திலிருந்து பார்த்தால் செய்தி வேறாகத் தெரியும். மணவாழ்வும் மரியாதையும் இருப்பிடமும் ஒரே நாளில் பறிபோன பெண், தன் குடும்பத்துப் பெரியவரிடம் நீதி கேட்டார். அவருக்கு வேறு வாசல் இருக்கவில்லை.

ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறி பெண்ணின் மாண்பைக் காக்கவே வந்தது. அந்த நெறியை நிறைவேற்றும் வழியில் பெண்கள் கைவிடப்படும்போது, நெறியின் உள்ளமே அடிபடுகிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் திருச்சபைகள் இதே சிக்கலை எதிர்கொண்டன. ஏற்கெனவே உள்ள மனைவியரை விலக்காமல் திருமுழுக்குத் தரலாம், புதிதாக மணக்கக் கூடாது என்று ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு 1988இல் வழிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஒருத்தியோடு மட்டும் வாழ்வதையே இன்றும் கேட்கிறது; ஆனால் விலக்கப்படும் பெண்களின் தேவைகள் நீதியோடு கவனிக்கப்பட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் எழுதிவைத்திருக்கிறது.

ஒருவருடைய மனமாற்றத்தின் செலவை அவர் வீட்டிலுள்ள பலமற்றவர் கட்டக் கூடாது. விண்ணரசின் குடியுரிமைக்கு இதை முதல் விதியாகவே வைக்கலாம். பிரிட்டோவின் தியாகத்தை மதிப்பதும் அந்தப் பெண்களின் துயரை ஏற்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் ஓரியூரின் பாடம் முழுமையாகிறது.

சேரி வாசலும் கல்லறைச் சுவரும்

அரசர்களின் எதிர்ப்பைத் தாங்கிய திருச்சபை, சாதியின் முன்னால் பலமுறை தோற்றது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த, பின்னாளில் கர்தினாலான திருத்தந்தையின் தூதர் தூர்னோன், சாகக் கிடக்கும் பறையர்களுக்கு அவர்கள் வீட்டுக்குள் சென்று அருளடையாளங்கள் வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று 1704இல் ஆணையிட்டார். இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே நம்மைத் தலைகுனியச் செய்கிறது. நாற்பது ஆண்டுகால வழக்குக்குப் பின், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தை அதை உறுதி செய்தார். நடைமுறையில், அம்மக்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துச் சமாளித்தார்கள்.

சீர்திருத்தத் திருச்சபைகளின் கதையும் இதுதான். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனடியாக விட்டொழிக்கச் சொன்னபோது, தஞ்சைக் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். சுவிசேஷக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியும் அவர்களுள் ஒருவர். சாதி சமூக வழக்கம், விசுவாசத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அவர்கள் வாதம். விண்ணரசு ஆன்மாவோடு நின்றுகொள்ளட்டும், தெருவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அந்த வாதத்தின் உட்பொருள்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில் இரண்டு கைகளாகப் பிரிந்து நின்றது. ஒரே பீடத்தை இரண்டு சாதித் தரப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் வணங்கின. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தவர்களைப் பிரிக்கச் சுவர் எழுந்தது. விண்ணகம் போனவர்கள் என்று சிலுவை நட்ட இடத்தில்கூட எல்லைக்கல் வைத்தார்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த கலவரத்தில், காவல்துறையின் துப்பாக்கிக்கு இருவர் பலியானார்கள்.

இராமநாதபுரம் சீமையில் இது திருவிழாவில் தெரிந்தது. 1980களில் இப்பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்ந்த பிரிட்டன் மானிடவியலாளர் டேவிட் மோஸ், தேர் இழுப்பதிலும் முதல் மரியாதையிலும் சாதி எப்படி அமர்ந்திருந்தது என்பதையும், தலித் கிறிஸ்தவர்கள் அதை எப்படிப் படிப்படியாக எதிர்த்து உடைத்தார்கள் என்பதையும் 2012இல் வெளியான நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கண்மாய்ப் பாசனத்திலும் இதே ஒழுங்குதான். மடை திறப்பது, இரவில் தண்ணீர் காப்பது, சாவுச் செய்தி சொல்வது எல்லாம் ஒரு தெருவின் தலையில்; தேரின் வடத்தைத் தொடும் உரிமை மட்டும் இன்னொரு தெருவுக்கு.

கிறிஸ்துவில் யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் வேறுபாடில்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினார். அதை இந்த மண்ணில் மெய்யாக்கப் போராடியவர்கள் பெரும்பாலும் மேடையில் போதித்தவர்கள் அல்லர். தேர் வடத்தில் கைவைத்து அடிபட்டவர்கள், பொதுக் கல்லறை கேட்டு வழக்குக்குப் போனவர்கள், திருப்பலிக்கு முன்வரிசையில் உட்கார்ந்து எழ மறுத்தவர்கள். விண்ணரசின் குடியுரிமையை உள்ளிருந்தே திருச்சபைக்குக் கற்பித்தவர்கள் அவர்கள்தாம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டுத் தீண்டாமையைப் பெரும் பாவம் என்று ஒப்புக்கொண்டது. எழுதியதை ஒவ்வொரு பங்கும் நடைமுறையாக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

குடியரசில் ஒரு குடிமகனாக

1947க்குப் பின் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. ஆள்பவருக்குப் பணிவதா மறுப்பதா என்ற நிலை மாறி, மக்களே ஆள்பவர்களானார்கள். அரசியல் நிர்ணய சபையில் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் எடுத்த முடிவு நினைவுகூரத் தக்கது. சபையின் துணைத்தலைவர் எச்.சி.முகர்ஜி, சென்னை மாகாணத்திலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா ஆகியோர் மதச் சிறுபான்மையினருக்கான தனித் தொகுதிகளை நாடவில்லை. மனச்சான்றின் உரிமையும் மதத்தைக் கடைப்பிடித்துப் பரப்பும் உரிமையும் எல்லாக் குடிமக்களுக்கும் 25ஆம் பிரிவில் உறுதியானால் போதும் என்றார்கள். தங்களுக்கென்று வேலி கேட்காமல் எல்லாருக்குமான உரிமையைக் கேட்டது, பிலிப்பியில் பவுல் நின்ற நிலைக்கு நெருக்கமானது.

ஆனால் அதே குடியரசு, விசுவாசத்துக்கு ஒரு விலையையும் வைத்தது. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒருவர், மதம் மாறியதால் தமக்கு அரசு உதவி மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1985இல் தள்ளுபடி செய்தது. தேவாலயத்துக்குள் சாதியைப் பார்க்கிறார்கள். சலுகை என்று வந்தால் கிறிஸ்தவர்களுக்குச் சாதியே இல்லை என்கிறார்கள். இரண்டு வாசலிலும் அம்மக்கள் மறுக்கப்படுகிறார்கள். இந்த அநீதியை எதிர்ப்பது தலித்துகளின் வேலை மட்டும் என்று ஒதுங்கும் கிறிஸ்தவர், கடவுளின் அரசைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார்.

மனச்சான்றும் நாட்டுப்பற்றும் மோதினால் என்ன செய்வது? கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், 1985இல், தேசிய கீதம் பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் நின்றது. எழுந்து நின்றதில் நாட்டுக்கான மரியாதையும், பாடாமல் இருந்ததில் கடவுளுக்கான பற்றும் இருந்தன. அவர்களுடைய கொள்கையை ஏற்காத கிறிஸ்தவர்களும், அந்த நிற்றலில் இருந்த கண்ணியத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

கடலில் கோடு, கரையில் கோயில்

இந்தக் கரையின் இன்றைய கேள்வி கடலில் இருக்கிறது. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் போனது. அங்குள்ள அந்தோணியார் கோயிலை, தொண்டிக்கு அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த ஒருவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பினார் என்று இப்பகுதி மக்கள் சொல்கிறார்கள். கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இந்திய யாத்திரிகர்கள் அங்கே செல்லலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, தவக்காலத்தை ஒட்டி, இராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. இரு நாட்டுத் தமிழரும் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். எபேசியருக்கு எழுதிய மடல் சொல்லும் உடன்குடிமக்களின் கூட்டத்தைக் கண்ணால் காண வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

ஆனால் திருப்பலி முடிந்த மறுநாள் கடல் வேறு. 2009இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வடஇலங்கை மீனவர்கள் சிறு படகுகளோடும் வலைகளோடும் கடலுக்குத் திரும்பினார்கள். நம் கரையின் இழுவைப் படகுகள் அவர்கள் வலைகளை அறுக்கின்றன, கடலடியைச் சுரண்டுகின்றன என்பது அவர்கள் முறையீடு. 2017இல் இலங்கை அந்த முறையைச் சட்டத்தால் தடை செய்தது. இங்கிருந்து போகிறவர்களை அந்நாட்டுக் கடற்படை பிடிக்கிறது; படகுகளைப் பறிக்கிறது; குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன. கைதுகளையும் சிறைத் தண்டனைகளையும் கண்டித்து 2024 பிப்ரவரியில் நம் மீனவர்கள் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அவர்கள் துயரம் பொய்யில்லை. அக்கரைத் துயரமும் பொய்யில்லை.

இங்கே விண்ணரசின் குடிமகன் யார்? தன் அரசிடம் தன் உரிமையைக் கேட்பவர், சந்தேகமில்லை. அதோடு, எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதே அந்தோணியாரிடம் மன்றாடும் மீனவரின் வலையையும் தன் வலையாக எண்ணுபவர். இழுவைமடியைக் கைவிட அரசின் உதவி கேட்பதும், ஆழ்கடலுக்கும் மாற்றுத் தொழில்களுக்கும் நகர்வதும், இரு கரை மீனவர்கள் நேரில் பேசிக்கொள்வதும் பொருளாதாரத் தீர்வுகள். அவை விசுவாசத்தின் செயல்களும்கூட. நாட்டுக்கு நாடு கோடு தேவைப்படலாம். அயலான் யார் என்பதை அந்தக் கோடு தீர்மானித்துவிட்டால், நல்ல சமாரியன் உவமையை நாம் படித்தது வீண்.

கற்றுக்கொள்ள வேண்டியவை

இந்த வரலாற்றில் நான்கு வகை விடைகள் தெரிகின்றன. இவ்வுலகம் வழிச்சத்திரம், நமக்கு வேலை மேலுலகில் என்று ஒதுங்குவது முதலாவது. விதவைக்கும் அடிபட்டவருக்கும் ஆறுதல் தரும் அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் மேலப்புதூர்ச் சுவரை அது இடித்ததில்லை. ஆள்பவர் சொல்வதெல்லாம் சரி என்று பணிவது இரண்டாவது. அமைதி அதில் கிடைக்கும், உண்மை கிடைக்காது. விண்ணரசை ஒரு நாட்டின் கொடியோடு, ஒரு சாதியின் பெருமையோடு, ஒரு கட்சியின் வெற்றியோடு கட்டுவது மூன்றாவது. மன்னாரும் வேதாளையும் அதன் விலைச்சீட்டுகள். நான்காவது கடினமானது. நாட்டை நேசித்து, சட்டத்தை மதித்து, தன் உரிமையைப் பயன்படுத்தி, மனச்சான்றை மட்டும் யாரிடமும் அடகுவைக்காமல், பலமற்றவர் பக்கம் நிற்பது. பவுலும் கிரிமினாலியும் பிரிட்டோவும் பெயர் தெரியாத தலித் மூதாதையரும் நடந்த பாதை அது.

அதில் நடக்க எல்லாரும் தலை கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டாவூரணியிலும் இராமநாதபுரத்திலும் சருகணியிலும் பணியாற்றி 1973இல் மறைந்த பிரெஞ்சுக் குரு லூயி லெவே, எளிய வாழ்வுக்காகவும் ஏழைகளிடம் காட்டிய பரிவுக்காகவும் இன்றும் மதவேறுபாடின்றி நினைக்கப்படுகிறார். அவரை யாரும் கொல்லவில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அவரே தம்மைக் கொடுத்துத் தீர்த்தார்.

ஆகவே, திருவாடானைச் சீமையின் கிறிஸ்தவர் தம் குடியுரிமையைச் சோதித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். என் விசுவாசத்தின் செலவை என் வீட்டில் யார் கட்டுகிறார்? என் ஊரின் கோயிலிலும் கண்மாயிலும் கல்லறையிலும் எல்லாருக்கும் ஒரே இடம் உண்டா? என் உரிமைக்காகக் குரல் கொடுக்கும்போது, என் மதத்தவர் அல்லாத அயலாரின் உரிமையும் அந்தக் குரலில் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தவர், எந்த நாட்டின் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், எந்த ஆட்சியில் வாழ்ந்தாலும், விண்ணரசின் குடியுரிமைக்கு உரியவர். சொல்ல முடியாதவர்களாகிய நமக்கு, திருத்திக்கொள்ள இந்தத் தலைமுறை இன்னும் கையில் இருக்கிறது. அடுத்த திருவிழாவின் தேர் வடத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.